பக்கத்து வீட்டு மரமுண்டு

என் வீட்டுக்காரருக்கு மரத்தைப் பார்த்தால் மரமாகத் தெரியாது. உள்ளே என்ன கிண்ணம் ஒளிந்திருக்கிறது என்றுதான் தெரியும். விருந்துக்குப் போன வீட்டில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்து என் மானத்தை வாங்கியவர். பகலில் ஆபீஸ், மற்ற நேரமெல்லாம் ஷெட்டில் மரம் கடைகிற லேத் மெஷினோடு குடித்தனம்.

அப்படிப்பட்டவருக்குப் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவின் மரம் கண்ணை உறுத்தாமல் இருக்குமா? அதன் இடுப்பைச் சுற்றி அண்டா அளவுக்கு ஒரு முண்டு புடைத்துக்கொண்டு நின்றது. மரத்துக்கு எப்போதோ பட்ட அடியால் வளர்வதாம். உள்ளே நேர்கோடே இருக்காதாம், சுழியும் புள்ளியுமாக இழை ஓடுமாம். மதில் ஓரம் நின்று பெருமூச்சு விடுவார். வாய் திறந்து கேட்க மாட்டார். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே என்னை அனுப்புகிற ஆள்.

ஆகவே நான்தான் போய்க் கேட்டேன்.

"எடுத்துட்டா மரத்துக்கு ஒண்ணும் ஆகாதே?" அக்கா கேட்டது அது ஒன்றுதான். அவருக்கு எப்போதும் இரவு ட்யூட்டி. காலையில் வந்து மரத்தடியில் யூனிபார்ம் துவைத்துப் போட்டுவிட்டு, மரத்தை ஒட்டிய அறையில் படுப்பார். "இந்த நிழல் இல்லன்னா பகல்ல என்னால கண்ணை மூட முடியாதும்மா."

"நகம் வெட்டுற மாதிரிதான்க்கா," என்றேன். மரத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் அடித்துச் சொன்னேன்.

அக்கா தன் மகள் வீட்டுக்குப் போயிருந்த அன்று வேலை நடந்தது. என் வீட்டுக்காரர் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். முண்டின் மேல் சாக்பீஸால் கோடு போட்டார். "இது வரைக்கும்தான். இதுக்கு மேல போனா சுத்திலும் பட்டை போயிடும். பட்டை வழியாத்தான் வேருக்குச் சாப்பாடு இறங்குது," என்றார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் துண்டு கழன்று விழுந்தது. ஈரத்தில் மின்னிய அந்த இழையைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேராசை.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் அழகா இருக்கும் போலிருக்கே. இவ்வளவு பாடுபட்டுப் பாதியோட விடுவாங்களா?"

அவர் ரம்பத்தை நிறுத்தி என்னைப் பார்த்தார். 'வேண்டாம்' என்று நான் சொல்ல வேண்டும் என்றுதான் பார்த்தார். நான் ஏணியை இன்னும் கெட்டியாகப் பிடித்தேன். முண்டை முழுசாக எடுத்துவிட்டார், சுற்றிலும் பட்டையோடு. காயத்தின் மேல் பட்டை நிறத்திலேயே பெயின்ட் அடித்தார். ஊரிலிருந்து வந்த அக்கா அதைத் தடவிப் பார்த்து, "எங்க வார்டுல கூட இவ்வளவு நேர்த்தியாக் கட்டுப் போட மாட்டாங்க," என்று பாராட்டிவிட்டுப் போனார்.

இவர் ஈர மரத்தைக் கனமாகக் கடைந்து, அதன் சீவலுக்குள்ளேயே புதைத்து, மாதக்கணக்கில் காயவிட்டு, மறுபடி மெலிதாகக் கடைந்தார். எங்கள் ஹாலில் கிண்ணம் வந்து உட்கார்ந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் இலை பழுத்துக்கொண்டிருந்தது. இங்கே வருகிறவர்கள் எல்லாம் கிண்ணத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அங்கே இலை உதிர்ந்துகொண்டே இருந்தது.

அக்கா இவரைக் கூப்பிட்டுக் காட்டினார். கூடவே நானும் போனேன். இவர் மரத்தைச் சுற்றி வந்தார், தொண்டையைச் செருமினார், கடைசியில், "வேர்ல ஏதாவது தண்ணி போகுதாக்கா?" என்றார். அது வெறும் கேள்வி, பொய் இல்லை என்று அப்புறம் வீட்டில் வாதாடினார்.

அக்காவின் முகம் செத்துவிட்டது. "ஐயையோ, சோப்புத் தண்ணி! தினம் துவைச்சிட்டு இங்கதானே ஊத்தறேன்!"

இவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

மறுநாளிலிருந்து அக்கா சோப்புத் தண்ணீரை வாளி வாளியாகத் தூக்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், தெருச் சாக்கடையில் ஊற்றினார். திரும்பி வந்து நல்ல தண்ணீரை வேருக்கு விட்டார். "ஆஸ்பத்திரியில எத்தனை பேரைத் தேத்தி அனுப்பியிருக்கேன், என் மரத்தை நானே கொன்னுட்டேனே," என்று புலம்பினார். மகள் வேறு போனில் திட்டினாளாம். அறைக்குள் வெயில் இறங்கியது. ஜன்னலில் போர்வையைக் கட்டியும் தூக்கம் வராமல், கண் சிவந்து ட்யூட்டிக்குப் போனார். நான் சமையலறை ஜன்னலைச் சாத்தி வைக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு நாள் அக்கா மதில் பக்கம் வந்தார். "வெட்ட ஆள் சொல்லிட்டேன்மா. கட்டையெல்லாம் நீங்களே எடுத்துக்கங்க. உங்க வீட்டுக்காரர் கையிலயாவது அது நல்லா இருக்கட்டும். எனக்குத்தான் வச்சுக்கத் தெரியல."

ஷெட்டுக்குள் ஓடி, அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். "இப்பப் போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? மரம் திரும்பவா வரும்?" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நானே போனேன். அக்கா கதவைத் திறந்ததும் கொட்டிவிட்டேன்.

"அக்கா, சோப்புத் தண்ணியால இல்ல. நாங்கதான். சுத்திலும் பட்டையை எடுத்துட்டோம். அவர் பாதியோட நிறுத்தப் பார்த்தார், நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"நான் ஊத்தின தண்ணியால இல்லையா?"

"இல்லக்கா."

அக்காவுக்கு மூச்சு வந்தது. தோள் இறங்கியது. அந்த நிம்மதியைப் பார்த்து, தப்பித்தோம் என்றே நினைத்துவிட்டேன்.

"நான் வாளி தூக்கினப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"முதுகு பிடிச்சுக்கிட்டு உன் வீட்டுக்கு வந்தேனே, அப்ப?"

இதை உங்களிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலே கதையை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு அக்காவை எங்கள் சோபாவில் குப்புறப் படுக்க வைத்துத் தைலம் தேய்த்துவிட்டேன். "கூடப் பிறந்தவ கூட இப்படிச் செய்ய மாட்டா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் புத்திமதி வேறு சொன்னேன்.

"தெரியும்க்கா," என்றேன்.

அக்கா கத்தவில்லை. நோயாளியிடம் கேட்கிற அதே குரலில்தான் கேட்டார்.

"தெரிஞ்சுக்கிட்டே, பாதிப் பாதி வாளியாத் தூக்குங்கக்கான்னு சொன்னியா?"