நடிக்கச் சொன்ன அரை மணி நேரம்

சாவித்திரியின் இடது கால் செயலிழந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மை அச்சுகளுக்குக் களிமண் கூழ் ஊற்றும் வேலை அவளுக்கு. ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு எழுந்தவள் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கால் இருந்தது. சொன்னதைக் கேட்கவில்லை.

உள்ளூரில் பார்த்தார்கள், கடலூரில் பார்த்தார்கள். முதுகுக்கு ஒரு ஸ்கேன், தலைக்கு ஒரு ஸ்கேன். எல்லாம் நார்மல் என்றார்கள். கடைசி டாக்டர், அவள் புருஷன் விருத்தகிரியைத் தனியாகக் கூப்பிட்டு, "வூட்டுல எதாவது சண்டையா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான், அவள் நடிக்கிறாளோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. அதே கம்பெனியில் சூளை வேலை அவனுக்கு. ஷிப்டு முடிந்து வந்து துணி துவைத்து, அவளைத் தூக்கிக் குளிக்கவைத்து, ஒரு நாள் சொல்லிவிட்டான்.

"எல்லா டாக்டரும் ஒண்ணுமில்லங்கறாங்க. நீ கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாரேன்."

"பாக்காமயா இருக்கேன்" என்றாள்.

2008இல், சென்னையில் இந்த மாதிரி நோயாளிகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நடப்பதாகக் கடலூர் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். விருத்தகிரி சாவித்திரியைப் பஸ்ஸில் தூக்கி ஏற்றிக்கொண்டு போனான். அங்கிருந்த டாக்டர் பூர்ணிமா பொறுமையாக விளக்கினார்.

"முன்னாடி எடுத்த ஸ்கேன், மூளையில கட்டி, அடைப்பு இருக்கான்னு பாக்கறது. இது, நீங்க காலை அசைக்க நெனைக்கறப்ப மூளையில எந்த எடம் வேலை செய்யுதுன்னு பாக்கறது."

"இதுல சரியாயிடுங்களா?" என்றான் விருத்தகிரி.

"ஆகாது. இது வைத்தியம் இல்ல. ஒருத்தர் படத்தை மட்டும் வச்சு எதையும் சொல்லவும் முடியாது. நெறைய பேரோடதச் சேத்துப் பாக்கணும்." அவன் பக்கம் திரும்பி, "ஒப்பிட்டுப் பாக்க, கால் நல்லா இருக்கறவங்களும் எங்களுக்குத் தேவை. இடது கால் வராத மாதிரி உள்ள படுத்து நடிக்கணும். நீங்க வரீங்களா?" என்றார்.

விருத்தகிரி சாவித்திரியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிங்க" என்றான்.

அவளுக்கு எடுத்து முடித்ததும் அவனைப் படுக்கவைத்தார்கள். மிஷின் தகரத்தை அடிப்பதுபோல் சத்தம் போட்டது. காதில் ஒரு குரல் 'அசைங்க' என்றது. அசைக்க முயல்வதுபோல் முயன்று, அசைக்காமல் இருக்க வேண்டும். முதலில் சுலபமாக இருந்தது. ஐந்தாவது தடவை கால் கட்டைவிரல் தானாக ஆடிவிட்டது. பிறகு ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக் காலைக் காவல் காக்க வேண்டியிருந்தது. அப்படியும் சில தடவை ஆடியது. அந்த ஏசியிலும் வேர்த்தது.

"நாலஞ்சு தடவ ஆடிப்போச்சு மேடம்" என்றான் வெளியே வந்து.

"நடிக்கறவங்க எல்லாருக்கும் ஆடும்" என்றார் அவர்.

சாவித்திரி வராந்தா பெஞ்சில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உனக்கு உள்ள எப்படி இருந்துச்சு?"

"அசைக்கச் சொன்னாங்க. அசைச்சேன். அசையல."

"என்னால அரை மணி நேரம் நடிக்க முடியல, சாவித்திரி. நான் உன்னை அப்படி நெனச்சிருக்கக் கூடாது" என்றான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "பசிக்குது. எதாவது வாங்கிட்டு வாங்க."

கிளம்பும் முன் டாக்டர் அவளைப் படுக்கவைத்து, இடது குதிகாலுக்கு அடியில் தன் கையை வைத்து, வலது காலைத் தூக்கச் சொன்னார். தூக்கியபோது இடது கால் அவர் கையை அழுத்தியது. "பாத்தீங்களா, பலம் இருக்குது. நீங்களா அசைக்க நெனைக்கறப்பதான் வரமாட்டேங்குது. இது நடிப்பும் இல்ல, கால் கெட்டும் போகல. பயிற்சி செஞ்சா கொஞ்சம் கொஞ்சமா வரும்."

ஊர் திரும்பியதும் சூப்பர்வைசர் கலியமூர்த்தி கேட்டார். "இத்தன தூரம் போனியே, படத்துல என்னதான் தெரிஞ்சுது?"

"அதெல்லாம் நமக்குச் சொல்லலிங்க. அவளுக்கு நெசமாவே முடியல. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

வாரம் ஒரு முறை கடலூருக்குப் பயிற்சிக்குப் போனார்கள். ஆறு மாதத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள். மறுவாரமே இரண்டு நாள் கால் மறுபடி வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது.