வாலாட்டிக்கு ஒரு பாஸ்போர்ட் படம்

ஸ்டூடியோக்காரருக்குப் பறவையைப் படம் பிடிக்கத் தெரியாது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய கடைப் பலகைக்கு மட்டும் தெரியாது. 'பாஸ்போர்ட் படங்கள் பத்தே நிமிடத்தில்' என்ற பழைய வரிக்குக் கீழே, பச்சை எழுத்தில், 'பறவைப் புகைப்பட நிபுணர்' என்று அது வெட்கமில்லாமல் சாதித்துக்கொண்டிருந்தது.

எழுதியவன் அவருடைய மைத்துனன். பெயிண்டர். ஏணி மேல் நின்றபடி அன்று கேட்டான்.

"மாமா, நிபுணர்னு போடட்டுமா, கலைஞர்னு போடட்டுமா?"

"எது எடுப்பா இருக்கும்?"

"நிபுணர்தான். கலைஞர்னா வேலைவெட்டி இல்லாத ஆளுன்னு நினைச்சுக்குவாங்க."

நிபுணர் என்றே முடிவாயிற்று. அந்த நேரம் வரை நிபுணர் எடுத்திருந்த பறவைப் படங்கள் மொத்தம் பூஜ்யம்.

இரண்டு தெரு தள்ளியிருக்கும் நூலகத்தின் நூலகர் அம்மாள் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்ததில் தொடங்கியது இதெல்லாம். புதிதாகக் கட்டிய வாசிப்பறையில் சுவர்கள் மொட்டையாக இருக்கின்றன, பறவைப் படங்கள் மாட்டலாம் என்றிருக்கிறோம், பறவைப் பட மன்றத்தின் தலைவர் ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று அந்த அம்மாள் பேச்சுவாக்கில் சொன்னார்.

"பறவைதானே மேடம்?" என்றார் ஸ்டூடியோக்காரர், கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி. "இருபத்திரண்டு வருஷமா மனுஷங்களையே அசையாம உட்கார வெச்சுட்டிருக்கேன். எதிர்ச் சுவரை எனக்கு விட்டுடுங்க. தாடையைக் கொஞ்சம் தூக்குங்க."

அன்று மதியமே பழைய நீள லென்ஸ் ஒன்றை வாங்கினார். சாயங்காலம் மைத்துனனுக்கு ஆள் அனுப்பினார். வாசிப்பறைத் திறப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

இந்த அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் எடுத்த படங்கள் ஊரில் பாதிப் பேரின் பைக்குள் இருக்கின்றன. ஒருவர்கூட அதை எடுத்து ஆசையாகப் பார்த்தது கிடையாது. "இது நானா?" என்று முகத்தைச் சுளித்து வாங்கிப் போவார்கள், அதற்கப்புறம் யாராவது அதிகாரி பார்ப்பார், அதுவும் சந்தேகத்தோடு. தன் கையால் எடுத்த ஒரே ஒரு படமாவது சுவரில் தொங்க வேண்டும், நாலு பேர் நின்று பார்த்துச் சிரித்த முகத்தோடு போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆசை சின்னது, பலகைதான் பெரிதாகிவிட்டது.

இரண்டு வாரத்தில் மூவாயிரம் படங்கள் எடுத்தார். அவற்றில் சுமார் ஆயிரத்தில் வெறும் கிளை இருந்தது. இன்னொரு ஆயிரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ தீற்றியிருந்தது. மீதியில் வால் இருந்தது.

"என்னங்க, இது குருவியா, துடைப்பமா?" என்றாள் மனைவி, கடைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளியபடி.

"வாலாட்டி."

"வாலை மட்டும் விட்டுட்டுப் போயிடுச்சு போல."

கடை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிகிற இடத்தில் ஒரு சின்னக் குட்டை உண்டு. தினமும் காலை ஏழு மணிக்கு அங்கே ஒரு வாலாட்டிக் குருவி வரும். கறுப்பும் வெள்ளையுமாக, சலவை செய்த சட்டை போட்ட குமாஸ்தா மாதிரி அவசரமாக நடக்கும். நின்றால் வாலை ஆட்டும். அதைத்தான் ஸ்டூடியோக்காரர் தேர்ந்தெடுத்திருந்தார். வேறு எதுவும் அவர் இருக்கும் பக்கம் வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

தொழில் தெரிந்தவர் அல்லவா, முறைப்படி செய்தார். குட்டைக்குப் பின்னால் வெள்ளைத் திரை கட்டினார். இரண்டு பக்கமும் குடை லைட் வைத்தார். முக்காலியில் கேமராவை நிறுத்தி, நிமிர்ந்து நின்று காத்திருந்தார். ஏழு மணிக்கு வாலாட்டி வந்தது. திரையைப் பார்த்தது. லைட்டைப் பார்த்தது.

"சிரிக்க வேண்டாம், நேரா பாருங்க," என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

அது பறந்துபோயிற்று. ஒரு காக்கை வந்து குடை மேல் உட்கார்ந்து, தன் அபிப்பிராயத்தை வெள்ளையாகவே தெரிவித்துவிட்டுப் போயிற்று.

வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை பறவைப் பட மன்றத்துக்குப் போனார். தலைவர் மேடையில் இருந்தார். தொப்பி, சட்டை, கால்சட்டை, லென்ஸ் உறை எல்லாம் இலைதழை அச்சடித்த துணி. பறவைகளின் கண்ணில் படாமல் இருப்பதற்காம். அந்தக் கூடத்தில் வேறு பச்சையே இல்லாததால் எல்லோர் கண்ணிலும் அவர் மட்டும்தான் பட்டார்.

"உங்க லென்ஸ் எத்தனை எம்எம் சார்?" என்றார் தலைவர்.

"முந்நூறு."

கூடத்தில் யாரோ இறந்துவிட்ட மாதிரி ஓர் அமைதி.

"பிறந்தநாள் விழாவுக்கு நல்லா இருக்கும்," என்றார் தலைவர் பரிவோடு. "அறுநூறு இல்லாம பறவையைப் பார்க்கிறதே அதுக்குச் செய்யற அவமரியாதை. அப்புறம், வாலாட்டியா? அது ரோட்டோரத்துல திரியற ஆள் சார். நான் நூலகத்துக்குக் கழுகு கொடுக்கிறேன். மூணு நாள் மலைமேல காத்திருந்து எடுத்தது."

ஸ்டூடியோக்காரர் தொங்கிய முகத்தோடு கடைக்குத் திரும்பினார். மனைவி கண்டிப்பாகவே சொன்னாள்.

"வாசிப்பறை திறக்கப்போறது வர்ற ஞாயிறு. சனிக்கிழமைக்குள்ள படம் வரலைன்னா தம்பியை வரச்சொல்லி அந்த வரியை அழிச்சிடலாம். நேத்து ஒரு ஆள் கிளியைக் கூண்டோட கொண்டுவந்து நிக்கிறான். நான் என்ன பதில் சொல்றது?"

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு பெண் ஏழு மாதக் குழந்தையோடு உள்ளே வந்தாள். குழந்தைக்குப் பாஸ்போர்ட் படம். ஸ்டூடியோக்காரர் உடனே டீ குடிக்க எழுந்தார். இரண்டு வயதுக்கு உட்பட்ட எந்த ஜீவனையும் இருபத்திரண்டு வருடத்தில் அவரால் படம் பிடிக்க முடிந்ததில்லை. அது மனைவியின் இலாகா. அன்று மழை தூறிக்கொண்டிருந்ததால் வாசலிலேயே நின்றுவிட்டார். அதனால்தான் முதல்முறையாக அதைப் பார்த்தார்.

மனைவி குழந்தையை ஸ்டூலில் உட்காரவைக்கவில்லை. தரையில் விரிப்பைப் போட்டு விட்டுவிட்டாள். தானும் குப்புறப் படுத்து, தன்னுடைய சின்ன கேமராவைக் குழந்தையின் கண் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். கூப்பிடவில்லை, கிலுகிலுப்பை ஆட்டவில்லை. அங்கே கிடக்கிற ஒரு தலையணை போலக் கிடந்தாள். குழந்தை அழுது பார்த்தது, தவழ்ந்து பார்த்தது, கடைசியில் 'யார் இந்தப் பொம்பளை' என்று நேராகப் பார்த்தது. கேமரா பத்துத் தடவை படபடவென்று அடித்தது.

"எப்படி?" என்றார் அவர், அவர்கள் போன பிறகு.

"என்ன எப்படி? கண்ணைப் பார்த்து எடுக்கணும். கண்ணு தெளிவா விழுந்தா மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் தாய்க்காரி வாங்கிட்டுப் போயிடுவா. அது உட்காரும்னு நாம நிக்கக்கூடாது. நாம கிடக்கணும், அது வரும்."

அவர் கேமராவை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். அதன் தலையில் இருந்த திருகு, கறுப்பு இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

"இது என்ன கட்டு? அடிபட்டிருக்கா?"

"ஷட்டர் வேகம். நூற்றிருபத்தஞ்சுல வெச்சு ஒட்டினது. கடை திறந்த அன்னிக்கு."

"இந்த லட்சணத்துலயா குருவி எடுக்கப் போனீங்க?"

"இருபத்திரண்டு வருஷமா யாருக்கும் சரியாத்தானே வந்துச்சு."

"அவங்கெல்லாம் அசையாதவங்க. மூச்சுக்கூட விடாம உட்கார்ந்திருந்தாங்க பாவம். டேப்பைப் பிரிங்க."

பிரித்தார். கல்லாகியிருந்த டேப், நகத்தில் பாதியை எடுத்துக்கொண்டு வந்தது. திருகை இரண்டாயிரத்துக்குத் திருப்பியபோது அவருக்கு லேசாக மயக்கம் வந்தது.

மறுநாள் காலை ஆறரை மணிக்கே மாடியில் திரையும் இல்லை, லைட்டும் இல்லை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி பார்த்து, ஈரத்தரையில் ஒரு பழைய சாக்கை விரித்துக் குப்புறக் கிடந்தார் நிபுணர். தொப்பை இடைஞ்சல் செய்தது. வாலாட்டி வந்தது, பார்த்தது, போயிற்று. செவ்வாயன்றும் போயிற்று. புதன்கிழமை குட்டையின் எதிர்க்கரை வரை வந்தது. வியாழக்கிழமை அவருடைய தும்மலுக்கு ஓடிப்போயிற்று. அதற்குள் அதன் வழி அவருக்குப் பிடிபட்டுவிட்டது: குழாய்ப் பக்கம் இறங்கும், கரையோடு ஏழெட்டு அடி ஓடும், ஒரு புழுவைக் கொத்தும், நிற்கும். அந்த நிற்கிற இடத்தின் மேல் கேமராவை வைத்துக்கொண்டு கிடந்தால் போதும் என்று வெள்ளிக்கிழமைதான் உறைத்தது.

சனிக்கிழமை காலை அது ஓடிவந்தது, கொத்தியது, நின்றது. 'யார் இந்த ஆம்பளை' என்று நேராக லென்ஸுக்குள் பார்த்தது. அவர் வாய் திறக்கவில்லை. விரல் மட்டும் அழுத்தியது.

கீழே ஓடிவந்து கம்ப்யூட்டர் திரையில் போட்டுப் பார்த்தார். இரண்டு கண்ணும் இரண்டு மிளகு, ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வெளிச்சம். அலகில் ஒட்டியிருந்த தண்ணீர்த் துளிகூடத் தெரிந்தது. மனைவி அவர் சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டாள். கடையில் ஏற்கனவே நாலு பேர் காத்திருந்தார்கள். அவர்களுடைய படங்களுக்கு நடுவிலேயே இதையும் பரபரவென்று வெட்டி, பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, பழுப்புத் தாள் சுற்றி நூலகத்துக்கு அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பறை நிறைந்திருந்தது. முதலில் தலைவரின் கழுகைத் திறந்தார்கள். சுவர் நிறைய நீல வானம், மலை, மேகம்.

"பிரமாதம்," என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர். "கழுகு எங்கே?"

"அது சூழலோட எடுத்த படம்," என்றார் தலைவர். "மேகத்துக்கு இடது பக்கம், கொஞ்சம் மேலே."

அடுத்து எதிர்ச் சுவரில் பழுப்புத் தாளைக் கிழித்தார்கள். வாலாட்டி தெரிந்தது. சட்டம் முழுவதும் முகம், நேர்ப்பார்வை, நெஞ்சு வரை. அத்தோடு படம் முடிந்துவிட்டது.

தலைவர் நெருங்கிவந்து பார்த்தார்.

"வாலாட்டிக்கு வால் எங்கே சார்?"

ஸ்டூடியோக்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தோளுக்குக் கீழே மனிதனுக்கு உடம்பு உண்டு என்பதையே தொழில்முறையில் அவர் ஏற்றுக்கொண்டவர் இல்லை. நேற்று அவசரத்தில் கை, தன் வழக்கப்படி, வாலாட்டியையும் பாஸ்போர்ட் அளவுக்கு வெட்டியிருக்கிறது. ஆயிரம் வாலை எடுத்தவர், தேவைப்பட்ட ஒரே வாலை வெட்டி எறிந்துவிட்டார்.

"போச்சு," என்றார் மனைவியின் காதில். "உன் தம்பியை ஏணியோட வரச்சொல்லு."

அப்போது யாரோ சிரித்தார்கள். நூலகர் அம்மாள். அவர் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, தாடையைக் கொஞ்சம் தூக்கி, சிரிப்பை அடக்கிக்கொண்டு வாலாட்டி மாதிரியே நேராகப் பார்த்தார். "போன மாசம் என்னை இப்படித்தான் எடுத்தார்," என்றார். "முகத்தைப் பாருங்க. விசா கிடைக்குமா கிடைக்காதான்னு கவலைப்படுது."

அறை குலுங்கியது. முன்வரிசைப் பெரியவர் எழுந்துவந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துச் சிரித்துவிட்டு, தன் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். எல்லோரும் தெரிந்தோ தெரியாமலோ தாடையைக் கொஞ்சம் தூக்கினார்கள். ஸ்டூடியோக்காரர் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்த்தார். ஒருவர்கூடச் சுளிக்கவில்லை.

தலைவரும் கூட்டம் கலைந்த பிறகு தனியாக வந்து நெடுநேரம் நின்றார். "கண்ணு நல்லா விழுந்திருக்கு," என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். "முந்நூறு எம்எம்முக்கு."

"குப்புறப் படுத்தீங்கன்னா அறுநூறுக்கும் விழும் சார்," என்றாள் ஸ்டூடியோக்காரரின் மனைவி.

கழுகுப் படத்தின் கண்ணாடி மேல் நூலகர் அம்மாள் மறுநாள் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டியதாகக் கேள்வி.

திங்கட்கிழமை மைத்துனன் ஏணியோடு வந்துவிட்டான். சொன்ன சொல் தவறாதவன்.

"மாமா, வரி பூராவையும் அழிக்கணுமா?"

"நிபுணரை மட்டும் அழி."

அழித்தான். பச்சையாகப் 'பறவைப் புகைப்பட' என்று அந்தரத்தில் தொங்கியது.

"மிச்ச இடத்துல என்ன எழுத? வெறுமனே விட்டா அசிங்கமா இருக்கும்."

ஸ்டூடியோக்காரர் தலையைச் சொறிந்தார். கடைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"அந்த வரியையே மாத்துடா தம்பி. 'பறவைகளுக்கும் பாஸ்போர்ட் படம் எடுக்கப்படும்'னு எழுது. கீழே சின்னதா, 'வந்து நின்றால்'."

மைத்துனன் மாமாவைப் பார்த்தான். மாமா மாடியைப் பார்த்தார். தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது.

"எழுது," என்று சொல்லிவிட்டு, சாக்கை எடுத்துக்கொண்டு படியேறினார். இந்தத் தடவை வாலோடு ஒன்று எடுக்க வேண்டும்.