கடல் வத்துற நாளும் வீடியோ போடுற நாளும்

மிரானின் யூட்யூப் சேனலுக்குக் கடல்தான் முதலாளி. அமாவாசையை ஒட்டி நாலைந்து நாள், பௌர்ணமியை ஒட்டி நாலைந்து நாள், அவள் வாழும் தேஆன் கரையில் தண்ணீர் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்வாங்கும். ரப்பர் பூட்ஸோடு அந்தச் சேற்றில் இறங்கி, துளையில் கொஞ்சம் உப்பைத் தூவினால் விரல் நீள மட்டி சர்ரென்று எழும்பி வரும். கல்லைப் புரட்டினால் எட்டுக்கால் பேய்க்கணவாய். மற்ற நாட்களில், முக்கியமாக அரை நிலா நாட்களில், கடல் பேருக்கு ஐம்பது அடி நகர்ந்துவிட்டு அங்கேயே சோம்பிக் கிடக்கும். நம்மூரில் அட்டமி நவமியில் எதையும் தொடாதே என்பார்களே, அது இந்தச் சேற்றுக்கு அப்படியே பொருந்தும்.

ஆக, மாதத்துக்கு ரெண்டு வீடியோ. ஒரு மட்டி மூச்சு விடும்போது துளையின் விளிம்பு எப்படி நடுங்குகிறது என்று காட்டுவதற்காக முக்கால் மணி நேரம் சேற்றில் குப்புறப் படுத்துக் கிடப்பாள் மிரான். பார்க்கிறவர்கள் நாலாயிரம் பேர். அவளுக்கு அதுவே தாராளம்.

அப்படி இருக்கும்போதுதான் மார்ச் மாதத்தில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள் தோஹீ, மிரானின் நாத்தனார். இஞ்சியோன் நகரத்தில் பார்த்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டாளாம். காரணம் கேட்டதற்கு, “மேனேஜர் மூஞ்சியைப் பார்த்தா சோறு இறங்கலை அண்ணி” என்றாள். வந்த மூன்றாம் நாளே சேனலைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

“சூசோக் அறுவடைப் பண்டிகைக்குள்ள இருபதாயிரம் பேர் சேரணும் அண்ணி. சேர்ந்தா இங்கயே இருந்துடறேன். இல்லைன்னா பழையபடி இஞ்சியோன், ஆபீஸ், மேனேஜர் மூஞ்சி.”

சொன்னவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கேட்டவளுக்குத்தான் அது சாதாரணமாக இல்லை. மிரானின் புருஷன் வருஷத்தில் பத்து மாதம் கப்பலில் இருப்பவன். கல்யாணமாகிப் பதினேழு வருஷமாக அவள் டிவியோடுதான் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறாள். இப்போது எதிரில் ஒருத்தி உட்கார்ந்து, கிம்ச்சி ஊறுகாய் புளித்துவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டே ரெண்டாவது கிண்ணம் சோறு கேட்கிறாள். சேனல் வளர வேண்டும் என்று மிரானுக்கு ஒரு ஆசையும் கிடையாது. தோஹீ போகக் கூடாது, அவ்வளவுதான்.

“வாரத்துக்கு மூணு வீடியோ போடணும்” என்றாள் தோஹீ. “இல்லைன்னா ஜனங்க நம்மளை மறந்துடுவாங்க.”

“கடல் மாசத்துக்கு ரெண்டு தடவைதானேடி கதவைத் திறக்குது?”

“திறந்திருக்கும்போதே மொத்தமா எடுத்து வச்சுக்குவோம். சட்டையை மாத்து, தொப்பியை மாத்து. நாள் மாறிடுச்சு.”

எடுத்தார்கள். ஒரே காலையில் மூன்று வீடியோ. முக்கால் மணி நேரம் குப்புறப் படுத்த காலமெல்லாம் மலையேறிப் போச்சு. குத்து, உப்பைப் போடு, பிடுங்கு, வாளியில் போடு, சிரி. மிரானுக்கு ஒரு வாய்ப்பழக்கம் உண்டு. எந்த வீடியோவையும் “இன்னிக்குக் கடல் நல்லா வத்தியிருக்கு, கிளம்பி வாங்க” என்றுதான் தொடங்குவாள். முன்பெல்லாம் அன்றைக்கே ஏற்றிவிடுவார்கள், வத்துற நாளும் இன்னும் ரெண்டு மூணு பாக்கி இருக்கும், சரியாக இருந்தது. இப்போது அதே வார்த்தை பத்து நாள் கழித்து, அரை நிலாவில் போய் விழுந்தது.

தோஹீகூட ஒரு தடவை கேட்டாள். “இந்த ‘இன்னிக்கு’வை வெட்டிடலாமா அண்ணி?”

வெட்டலாம்தான். வெட்டினால் அந்தத் தொடக்கமே மொட்டையாகிவிடும், மறுபடி எடுக்க வேண்டும், மறுபடி எடுத்தால் வாரத்துக்கு ரெண்டுதான் தேறும். கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு நிலாக் கணக்கு தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே, “அதெல்லாம் யாரு கணக்குப் பார்க்கப் போறா, போடு” என்றாள். ஜூலையில் ஒன்பதாயிரம், ஆகஸ்டில் பதினாலாயிரம். எண்ணிக்கை ஏற ஏற மிரானுக்கு மனசு நிறைந்தது. சேனலுக்காக அல்ல, தோஹீ தன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை வாங்கிப் போட்டாள் என்பதற்காக.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. சரியான அரை நிலா. காலை ஒன்பது மணிக்கு வாசலில் கார் சத்தம். ஒன்று, ரெண்டு என்று பதினோரு கார் வந்து நின்றது. இறங்கியவர்கள் எல்லோர் கையிலும் வாளி, களைக்கொத்து, உப்புப் பொட்டலம். குழந்தைகள் காலில் பளபளவென்று புது பூட்ஸ். கரைச்சுவரில் வரிசையாக நின்று கடலைப் பார்த்தார்கள். கடலும் அவர்களைப் பார்த்துக்கொண்டு, சுவருக்குப் பக்கத்திலேயே தளும்பத் தளும்ப நின்றது.

மிரான் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நேற்று ஏற்றிய வீடியோவில் தன் முகமே பல்லைக் காட்டி “இன்னிக்கு” என்றது ஞாபகம் வந்தது.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அறுபது வயசு மனிதர் ஒருவர் அவளை அடையாளம் கண்டு, தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டு வந்தார். சுவோன் நகரத்தில் பஸ் ஓட்டினவராம்.

“விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டோம்மா. மட்டி துள்றதைப் பார்க்கணும்னு வீட்டுக்காரிக்கு ரொம்ப நாள் ஆசை. எத்தனை மணிக்கு வத்தும்?”

பக்கத்தில் அவர் மனைவி ஏற்கெனவே முழங்கை வரை கையுறை போட்டுத் தயாராக நின்றாள். அந்தக் கையுறையைப் பார்த்துக்கொண்டே மிரான் சொன்னாள்.

“இன்னிக்கு வத்தாதுங்க.”

“சாயங்காலம்?”

“சாயங்காலமும் வத்தாது. இன்னும் ஆறு நாள் ஆகும். அந்த வீடியோ பழசு. இன்னிக்குன்னு சொன்னது பொய். நான்தான் சொன்னேன்.”

மனிதர் மனைவியைப் பார்த்தார். அவள் மெதுவாகக் கையுறையைக் கழற்றி, மடித்து, பையில் வைத்துக்கொண்டாள். “காத்து நல்லா இருக்கு” என்றாள், யாரையோ சமாதானப்படுத்துகிற மாதிரி.

மிரான் வீட்டில் இருந்த மட்டியையெல்லாம் அள்ளிப் போட்டு, பதினோரு கார் ஜனத்துக்கும் நூடுல்ஸ் கொதிக்க வைத்தாள். சிலர் சாப்பிட்டார்கள். சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரைத் திருப்பினார்கள். ஒருத்தர், “யூட்யூப்காரங்களே இப்படித்தான்” என்று அவள் காது கேட்கவே சொன்னார். சொல்லட்டும், தப்பில்லை.

எல்லோரும் போன பிறகு அவள் சுவர் மேல் ஏறி நின்றாள். பின்னால் கடல் நிரம்பிக் கிடந்தது.

“கேமராவை எடுடி” என்றாள் தோஹீயிடம்.

“எதுக்கு அண்ணி?”

“நடந்ததைச் சொல்லப் போறேன். இனிமே வத்துற நாள்லதான் வீடியோன்னும் சொல்லப் போறேன்.”

தோஹீ கேமராவைத் தொடவில்லை. “மாசத்துக்கு ரெண்டா? பண்டிகைக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. இதைப் போட்டா இருக்கறவங்களும் ஓடிடுவாங்க. அப்புறம் நான் கிளம்ப வேண்டியதுதான்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சொல்றீங்க?”

“நீ போயிடுவியேன்னுதான் இத்தனை நாளும் பொய் சொன்னேன். இல்லைன்னா நான் எதுக்குடி ஒரு நாளைக்கு மூணு சட்டை மாத்தறேன்?” மிரான் தன் சட்டையைப் பிடித்துக் காட்டினாள். “அந்தம்மா கையுறையைக் கழட்டினதைப் பார்த்தியா? அதுக்கு மேல என்னால முடியாது.”

தோஹீ லென்ஸைத் துடைத்தாள். பிறகு கேமராவைத் தூக்கினாள்.

வீடியோ நாலு நிமிஷம். பார்த்தவர்களில் மூவாயிரம் பேர் விலகிப் போனார்கள். சூசோக் அன்றைக்குக் கணக்கு பதினோராயிரத்தில் நின்றது. பண்டிகை முடிந்த மறுநாளே தோஹீ பெட்டியைக் கட்டினாள். மனஸ்தாபம் ஒன்றுமில்லை. சொன்ன சொல் சொன்ன சொல்தான், அந்தக் குடும்பமே அப்படி. பஸ் நிறுத்தத்தில் மிரான் அழவில்லை. வீட்டுக்கு வந்து ரெண்டு கிண்ணத்தில் சோறு போட்டுவிட்டு, ஒன்றைத் திரும்பப் பானையில் கொட்டும்போதுதான் அழுதாள்.

அடுத்த அமாவாசை அக்டோபரில் வந்தது. மிரான் தனியாகச் சேற்றில் இறங்கி, கேமராவைக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, பழையபடி குப்புறப் படுத்தாள். அவசரமில்லை. துளையின் விளிம்பு எப்போது நடுங்கும் என்று பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

“கேமரா சாயுது அண்ணி. பாதி ஆகாசம்தான் விழும்.”

திரும்பிப் பார்த்தாள். ஆபீஸ் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, மிரானின் பழைய பூட்ஸில் தோஹீ நின்றுகொண்டிருந்தாள்.

“வேலை என்னடி ஆச்சு? மறுபடி விட்டுட்டியா?”

“விடலை. புது இடம். நேர்காணல்லயே இந்த வருஷத்துக் கடல் வத்துற நாள் கணக்கை எடுத்து மேஜை மேல வச்சேன். மாசத்துக்கு ரெண்டு தடவை இந்த நாளெல்லாம் எனக்கு லீவு வேணும், அதுக்குப் பதிலா ஞாயித்துக்கிழமைல வந்து உட்கார்றேன்னேன். சேர்றதுக்கு முன்னாடியே லீவு கேட்ட முதல் ஆள் நான்தானாம். சிரிச்சுட்டுச் சேர்த்துக்கிட்டாங்க.”

“வீடியோவுக்காகவா இவ்வளவு?”

“வீடியோவா?” தோஹீ கேமராவை நிமிர்த்தி வைத்தாள். “அங்க தனியா சாப்பிட முடியலை அண்ணி.”

மிரானால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சேற்றில் படுத்தபடியே விசும்பி விசும்பி அழுதாள்.

“அண்ணி, கேமரா ஓடுது.”

“ஓடட்டும்டி” என்று புறங்கையால் மூக்கைத் துடைத்தாள் மிரான். மூக்கெல்லாம் சேறு.