மேனேஜரின் புதுச் சாப்பாடு

1

இந்தக் கதை எனக்குச் சலூன் நாற்காலியில் கிடைத்தது. பாதித் தலைக்கு முடி வெட்டிய நிலையில் சலூன்காரர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கிளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்படியே எழுந்து தெருவில் நடக்கவா முடியும்? உட்கார்ந்து கேட்டேன்.

2

நான் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: அந்திச் சூரியன் கூண்டுக் கம்பிகளில் பொன்னாய் வழிந்து –

வேண்டாம். கடையில் ட்யூப் லைட்தான்.

மறுபடியும். கல்லாப்பெட்டிக்கு மேலே கூண்டில் உட்கார்ந்து வருவோர் போவோரை அதட்டுவதால் அந்தக் கிளிக்கு மேனேஜர் என்று பெயர். சூரியகாந்தி விதையைத் தவிர வேறெதையும் சீண்டாது. தின்று தின்று ஈரலில் கொழுப்பு ஏறிவிட்டது. சீக்கிரம் உருண்டைத் தீவனத்துக்கு மாற்றியாக வேண்டும் என்றார் பறவை டாக்டரம்மா.

"இன்னிக்கே விதையத் தூக்கிப் போட்டுடறேம்மா."

"போட்டீங்கன்னா அது பட்டினி கிடந்தே செத்துடும். உருண்டையும் சாப்பாடுதான்னு அதுக்குத் தெரியாது. காலையில உருண்டை, சாயங்காலம் கொஞ்சம் விதை. தினம் எடை போடுங்க, இறங்கினா உடனே சொல்லுங்க. அது பாக்கற மாதிரி நீங்களும் உருண்டையச் சாப்பிடுங்க. நாலு பேராவது தின்னாத்தான் கிளி நம்பும்."

(எல்லாம் தெரிந்தவர் கதைக்குள் வந்தால் எனக்கு ஆகாது. டாக்டரம்மாவைத் தப்பாகச் சொல்லவைத்துப் பார்த்தேன். அடுத்த பத்தியிலேயே கிளி செத்துப்போனது. சரி, அவர் சொன்னதே இருக்கட்டும்.)

3

வாடிக்கையாளரிடம் கிளித் தீவனம் சாப்பிடச் சொல்ல முடியுமா? நாலு பேருக்கும் சேர்த்துத் தானே நடித்துவிடலாம் என்று முடிவுசெய்தார் சலூன்காரர். ஓர் உருண்டையை வாயில் போட்டு, "ஆகா, என்ன ருசி" என்றார். நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது.* கிளிக்கு முதுகைக் காட்டித் துண்டில் துப்பினார். மேனேஜர் கிண்ணத்தைக் கவிழ்த்தது.

தினமும் இதே கூத்து. எடை இறங்கியது. டாக்டரம்மா விதையைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். இப்படியே போனால் ஈரல் தாங்காது என்றும் சொன்னார். சலூன்காரர் மறுநாள் 'ஆகா'வை இன்னும் சத்தமாகச் சொன்னார்.

கதை இதுவரை வந்தபோது அவர் மனைவி சாப்பாட்டுக் கேரியருடன் உள்ளே வந்தார். கணவர் எனக்காக அந்தக் கூத்தை நடித்துக் காட்டுவதைப் பார்த்தார்.

"ஏங்க, திரும்பி நின்னு துப்பறீங்களே, உங்க எதிர்ல என்ன இருக்கு?"

எதிரில் சுவர் முழுக்கக் கண்ணாடி. ஊரார் பின்னந்தலையை ஊராருக்கே காட்டிப் பிழைப்பவர், தன் முகம் கிளிக்குத் தெரியும் என்பதை யோசிக்கவே இல்லை.

* ருசி எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதற்கு வருகிறேன்.

4

முடிவுகள். ஒன்று: கிளி தின்று பிழைக்கிறது. பத்திரிகைக்கு அனுப்பலாம். இரண்டு: கிளி –

எழுத மாட்டேன். அது என்னையும் ஒருமுறை அதட்டியிருக்கிறது; எனக்கு அதைப் பிடித்துப்போய்விட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். சலூன்காரர் மென்று விழுங்கினார். மனைவி விழுங்கினார். பாதித் தலையோடு நானும் விழுங்கினேன். மேனேஜர் கம்பியோரம் நகர்ந்து வந்து, முதல்முறையாக ஓர் உருண்டையைக் காலில் எடுத்தது. வாயில் வைக்கவில்லை. கண்ணாடியையே பார்த்தது.

"நாலு பேர்னாங்களே. மூணு பேர்தானே இருக்கோம்," என்றார் மனைவி மெதுவாக.

5

பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. வாருங்கள், உட்காருங்கள். சலூன்காரர் ஓர் உருண்டை தருவார். நன்றாக மென்று விழுங்குங்கள். முகத்தை மட்டும் சுளிக்காதீர்கள். மேனேஜர் இப்போது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.