சொந்தச் சக்கரத்தில்

மனைவி வாங்கிய அந்தப் பழைய ஜீப் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது, கதவுகள் தனியாக, கூரை தனியாக, கோணிப் பைகளில் நட்டும் போல்ட்டும் தனியாக வந்தன. சோபாவுக்கும் வண்டி சீட்டுக்கும் உறை தைக்கும் தையல்காரர், அதை ஒரு சுற்று சுற்றி வந்து மனைவியைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல எங்க உக்காருறது?"

"நீங்க சீட்டு தைச்சதும் உக்காரலாங்க."

ஆஸ்பத்திரி எலும்பு வார்டில் கட்டுப் போடுகிறவள் அவள். அங்கே எல்லாருக்கும் மாவுக்கட்டு அக்கா. வேலை விட்டு வந்தால் ஜீப்பை ஒவ்வொரு பாகமாகப் பூட்டிக்கொண்டு அதற்கு அடியில்தான் கிடப்பாள். காட்டுப் பாதைக்கு ஏற்றபடி வண்டியை உயர்த்தினாள். வயிற்றுப் பக்கம் கல் அடிக்காமல் இருக்க இரும்புத் தகடு பொருத்தினாள். தண்ணீரில் இறங்கினால் என்ஜின் மூச்சு முட்டாதிருக்கக் காற்றுக் குழாயைக் கூரை வரைக்கும் ஏற்றினாள். சோறு ஆறிப்போகும்; கூப்பிட்டால், "இதோ, ஒரே ஒரு நட்டு" என்று பதில் வரும். அந்த ஒரு நட்டு இருட்டும் வரைக்கும் தீராது.

அவளுடைய அண்ணன்தான் சும்மா இருக்க மாட்டார். கம்பெனியிலிருந்து புதிதாக இறக்கிய வண்டி வைத்திருந்தவர். "மாப்ள, இந்தத் தகர டப்பாவுல ஏறுறதுக்கு முன்னாடி வீட்டுல சொல்லிட்டு ஏறுங்க" என்பார். தையல்காரர் சிரித்து வைப்பார். உள்ளுக்குள் அவருக்கும் அதே சந்தேகம்தான்.

காட்டுப் பாதை ஓட்டத்துக்கு ஏழெட்டு வண்டிகள் வந்திருந்தன; அண்ணனுடைய புது வண்டியும் அதில் ஒன்று. பாதை தொடங்கும் இடத்தில் அவள் இறங்கி நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தாள். "இப்பத்தான் கல்லைக் கவ்விப் பிடிக்கும்." ஓடையில் தண்ணீர் கதவு வரை ஏறியது. தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு, தான் தைத்த சீட்டையே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண் திறந்தபோது வண்டி அக்கரையில் நின்று சொட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. பாறைப் படி ஒன்றில் இறங்கும்போது பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

அவள் அடியில் புகுந்து பார்த்தாள். "அடுக்குப் பட்டை ஸ்பிரிங்குல மேல் பட்டை உடைஞ்சிருக்கு. கீழ இருக்கிறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

முன்னால் போன அண்ணன் கயிற்றோடு நடந்து வந்தார். "விடு பாப்பா, கட்டி இழுத்துட்டுப் போயிடலாம். இதுல ஒண்ணும் அவமானம் இல்ல."

"அவமானம் இல்லண்ணா. ஆனா நட நடன்னு பழக்கின புள்ளைய நான் ஏன் இடுப்புல தூக்கணும்?"

ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினாள். டயர் கழற்றும் இரும்புக் கம்பிகள் இரண்டை உடைந்த பட்டைக்கு மேலும் கீழும் வைத்து, கிளாம்ப் போட்டு முடுக்கினாள். ஒடிந்த காலுக்கு அணை வைக்கிற அதே கை, அதே பொறுமை. சக்கர அச்சு பின்னால் நகராமல் இருக்க இழுத்துக் கட்ட மட்டும் ஒன்று வேண்டியிருந்தது.

"ஏங்க, சாமான் கட்ட ஒரு நாடா தைச்சீங்களே, அது தாங்குமா?"

தையல்காரருக்குச் சுருக்கென்றது. "யார் தையலக் கேக்குற? நாலு மடிப்பு, எட்டு ஓட்டுத் தையல். யானையவே கட்டலாம்."

"யானைய அப்புறம் பாத்துக்கலாம். எடுங்க."

கட்டி முடித்ததும் அவர் சீட்டில் ஏறவில்லை. வண்டிக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, ஒவ்வொரு கல்லுக்கும் கை காட்டினார். "இடது... இன்னும் கொஞ்சம்... நில்லு... இப்ப வா." அவள் கையில் ஸ்டியரிங் அவர் விரலோடு சேர்ந்து திரும்பியது. இரண்டு முறை இடறி விழுந்தார். எழுந்து மறுபடி கை காட்டினார். அண்ணன் தன் வண்டியை வேறொருவரிடம் ஓட்டக் கொடுத்துவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். கடைசி வரை அதைப் பிரிக்கவே இல்லை.

ஓட்டம் முடியும் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். இவர்கள்தான் கடைசி. சாய்ந்து, முனகி, சேறு அப்பிய உடம்போடு ஜீப் உள்ளே நுழைந்ததும் ஒருவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

அண்ணன் குரல்தான் ஓங்கி ஒலித்தது. "என் தங்கச்சிப்பா! பூட்டினதும் அவதான், உடைஞ்சதைக் கட்டினதும் அவதான்!"

படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். "கொஞ்சம் இருங்க. ஓடையில இறங்கிச்சில்ல, கியர் ஆயில்ல தண்ணி கலந்திருந்தா பால் மாதிரி வெளுத்துடும்" என்று சொல்லிவிட்டு அவள் அடியில் நுழைந்தாள். அண்ணனும் சலவைச் சட்டையோடு மண்ணில் படுத்து அவள் பக்கத்தில் ஊர்ந்தார். "பாப்பா, இந்தத் தகடு எப்படி மாட்டின?" என்று அவர் கேட்கும் குரல் வெளியே வந்தது.

வெளியே நின்ற தையல்காரரிடம் யாரோ கேட்டார்கள்: "வண்டி உங்களதா சார்?"

அவர் முழங்காலில் சிராய்ப்பு எரிந்தது. சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"வண்டி அவளோடது. அவ என்னோடவ" என்றார்.