எம்.ஏ. இருக்கா?

அந்தக் கல்லூரியின் பிரெஞ்சுத் துறைக்குத் தலைவரும் அவர்தான், தொண்டரும் அவர்தான். இருபது வருஷமாக ஒற்றை ஆள். மாணவர்கள் வைத்த பெயர் ‘பார்தோன் சார்’. யாராவது பிரெஞ்சில் வேகமாகப் பேசிவிட்டால், மன்னிக்கவும் என்று பொருள்படும் அந்தச் சொல்லைப் போட்டுச் சமாளிப்பார். எம்.ஏ.வை முழுக்கத் தபாலில் படித்தவர். இலக்கணம் தண்ணீர்பட்ட பாடு, காதுதான் பழகவில்லை.

இரண்டாவது ஆசிரியர் வேலைக்கான நேர்காணலுக்கு வந்தவள், பிரெஞ்சுக்காரர் வீட்டில் பதினோரு வருஷம் பிள்ளை பார்த்தவள். படிப்பு பி.ஏ.வோடு சரி. விதிப்படி எம்.ஏ. வேண்டும். ஆனால் துறைத்தலைவர் பரிந்துரைத்தால் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளலாம் என்று முதல்வர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

“பேச வச்சுப் பாருங்களேன்,” என்றார் முதல்வர்.

பாடப்புத்தகத்தின் மூன்றாம் பக்கத்துக் கேள்வி ஒன்றைக் கேட்டார் பார்தோன் சார். அவள் மளமளவென்று பதில் சொல்லி, கடைசியில் அவரிடமே ஏதோ கேட்டாள். முதல்வர் எதிரில் பார்தோன் சொல்ல வாய் வரவில்லை. “வுய், வுய்” என்று ஆமாம் போட்டுத் தலையை ஆட்டி வைத்தார்.

அவள் விழித்தாள். பிறகு குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, சொல் சொல்லாக நிறுத்தி மறுபடி கேட்டாள். இப்போது புரிந்துவிட்டது. மேற்கொண்டு, தான் வளர்த்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்லட்டுமா, மொழி கற்றதைப் பற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாள். இதற்குப் போய் ஆமாம், ஆமாம் என்றிருக்கிறார். காது மடல் சுட்டது.

“என்ன, ஏதாவது குழப்பமா?” என்றார் முதல்வர்.

“இல்லைங்க. சார் கேட்டது எனக்குத்தான் சரியா புரியல,” என்றாள் அவள்.

மானத்தைக் காப்பாற்றியவளுக்கு இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? இவள் தினமும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் தன் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும் என்று பயந்து, எம்.ஏ. இல்லாமல் எடுப்பது முறையல்ல என்று அவள் எதிரிலேயே முதல்வரிடம் சொல்லி, படிவத்தில் ‘தகுதி இல்லை’ என்று எழுதினார். எழுதும்போதே உடம்பு கூசியது. கூசிக்கொண்டே கையெழுத்தும் போட்டார்.

வெளியே வந்தபோது அவள் வராந்தாவில் காத்திருந்தாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவரைக் கொன்றது.

“அந்த எம்.ஏ.வ எங்க சார் படிக்கணும்?”

இந்த ஊரில் அது இந்தக் கல்லூரியில் மட்டும்தான், அதற்கும் வாத்தியார் ஒரே ஒருவர்தான் என்பதை மென்று விழுங்கிச் சொன்னார்.

“அப்போ நீங்கதான் சொல்லித் தருவீங்க,” என்றாள், உண்மையான சந்தோஷத்தோடு. “இந்த வருஷமே சேந்துடறேன் சார்.”

இரண்டு வருஷப் படிப்பு. அவளுக்கு மார்க் போடப் போவதும் அவர்தான்.