தலைக்கும் தோளுக்கும் நடுவே

…அந்தக் காதுதான், காலையிலிருந்து அந்தக் காதுதான் கண்ணிலேயே நிற்கிறது, ஸ்வெட்டர் கழுத்தில் மாட்டி மடங்கி, நான் இழுத்த இழுப்பில் சிவந்துபோன என் மகளின் சின்னக் காது. அழுதிருந்தாலாவது தேவலை, அழவில்லை, மரக்கட்டை மாதிரி நின்றாள், இந்தா, தலையையும் சேர்த்தே கழற்றிக்கொண்டு போ என்பதுபோல... மூன்றரை வயசுக்கு இத்தனை ரோஷம் எங்கிருந்து வந்தது, வேறெங்கிருந்து, என்னிடமிருந்துதான். நானே போட்டுக்கறேன் என்று அவள் சொன்னது காதில் விழாமல் இல்லை, ஆனால் பஸ் போயிடும் பஸ் போயிடும் என்று உள்ளே ஒன்று கத்திக்கொண்டிருந்தது, அது இன்னும் பெரிய சத்தம். கிளம்பும்போது கன்னத்தைக் காட்டவில்லை. அண்ணன்காரன்தான் தன் கன்னத்துக்கு ஒரு முத்தம் வாங்கிக்கொண்டு, அவளுதையும் எங்கிட்டயே குடு, நான் அப்புறமா குடுத்துடறேன் என்றான், முன்பல் விழுந்த ஓட்டை வழியாகப் பெரிய மனுஷன் பேச்சு. ராத்திரி ஷிப்ட் முடிந்து அவர் உள்ளே வர, நான் வெளியே போக, இப்போதெல்லாம் எங்கள் குடும்பம் வாசற்படியில்தான் நடக்கிறது. நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் எப்படியும் தாங்கிடுவேன், அதுக்கு மேல நான் ஆள் இல்ல என்றார் ஒருநாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கண் சிரிக்கவில்லை.

அக்கா, கை நின்னுடுச்சு என்கிறாள் பிரசவத்துக்கு வந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்து நிற்கும் தையல்காரி. ஆமாம், நின்றுவிட்டது, அவள் இடுப்பை நீவிக்கொண்டிருந்த கை என் வீட்டு வாசலுக்குப் போய்விட்டது, திரும்ப அழைத்துக்கொண்டு வந்து நீவுகிறேன். பிரசவ அறைக்கு வெளியே மழை, மத்தியான வெளிச்சம் கண்ணாடியில் கலங்கலாக இறங்குகிறது, ஜன்னல் திரை உப்பி அமுங்கி, உப்பி அமுங்கி, அதுவும் வலிக்கு மூச்சு விடுகிறதோ... மூலையில் ஸ்டூலில் சிஸ்டர். எனக்கு மருத்துவச்சிப் படிப்புக்குப் பாடம் சொல்பவள், வயசில் என்னைவிட ரொம்பச் சின்னவள், கல்யாணம் ஆகாதவள், நான் அவளை சிஸ்டர் என்கிறேன், அவள் என்னை அக்கா என்கிறாள், இதில் யாருக்கு யார் மரியாதை கொடுக்கிறோம் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. ரெண்டு பெத்தவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்லிக்குடுக்க என்று முதல் நாள் கேலி பண்ணினாள். சொல்லிக்கொடுக்க இருந்தது. போன வாரம் ஒரு பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வந்தது, தோள் வரவில்லை, வராது, தலைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு நிறுத்தம் உண்டு, அடுத்த வலி வரும்வரை எல்லாம் அப்படியே நிற்கும், அந்த நேரத்தில் மருத்துவச்சிக்கு வேலை கையை ஏந்திக்கொண்டு சும்மா இருப்பது. சும்மா இருப்பது சுகம் என்று சொன்னவர் யாரோ, அவர் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிப் பார்த்திருக்கமாட்டார். என் கை இழுத்துவிட்டது. இழுக்கணும் என்று நான் நினைக்கக்கூட இல்லை, அதற்குள் கை போய்விட்டது. சிஸ்டர் தன் கையை என் கைமேல் வைத்து மெதுவாக விலக்கினாள், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, பிறகு கை கழுவுமிடத்தில், குழாயைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு தடவை கை முந்துச்சுன்னா நான் உங்களைப் பாஸ் பண்ண முடியாதுக்கா, மறுபடி ஒரு வருஷம் உக்காரணும் என்றாள். மறுபடி ஒரு வருஷமா... வாசற்படி தாங்காது. அந்தச் சிரிக்காத கண் தாங்காது. இன்றைக்குத்தான் அந்த இன்னொரு தடவை.

அதற்காக வீட்டில் பழகாமல் இல்லை. மகளுக்குப் பத்தாமல் போன ஸ்வெட்டர், அதற்குள் அவளுடைய பொம்மை, சாப்பாட்டு மேஜைதான் பிரசவக் கட்டில், அவர் உள்ளிருந்து பொம்மையைத் தள்ள நான் கழுத்துப் பக்கம் கையேந்தி நிற்பேன், முக்குப்பா, நல்லா முக்கு என்று மகன் விரட்ட, மனுஷர் நிஜமாகவே முக்கினார், சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. பொம்மைத் தலை வெளியே வந்ததும் எனக்கு நானே முணுமுணுப்பேன், இழுக்காத, இழுக்காத, தானா வரும். மேஜை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு மகள் கண்கொட்டாமல் பார்ப்பாள். குழந்தைகள் காப்பகத்தில் போய், பாப்பா ஸ்வெட்டர்லேர்ந்துதான் பொறக்கும் என்று சொல்லியிருக்கிறாள், அங்கே பார்த்துக்கொள்கிற அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். பொம்மைக்கு அத்தனை பொறுமை காட்டினேனே, காலையில் அதே மேஜைக்குப் பக்கத்தில், அதே மாதிரி ஒரு கழுத்துக்குள் என் சொந்தப் பிள்ளையின் தலை நின்றபோது எங்கே போனது அது... உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா என்கிறாள் தையல்காரி, இரண்டு வலிக்கு நடுவே. ரெண்டு என்கிறேன். சின்னதுங்க சட்டைக்கு நான் தோள்ல பட்டன் வெச்சுதான் தைப்பேன், அதுங்களுக்குத் தலைதானே பெருசு, இந்த அம்மாக்காரிங்க இருக்காங்களே, பட்டனைக் கழட்டாமலே மாட்டிட்டு, தையல் விட்டுப்போச்சுன்னு எங்கிட்ட சண்டைக்கு வருவாங்க என்று சிரிக்கிறாள், சிரிப்பு பாதியில் வலியாக மாறிப் பல்லைக் கடிக்கிறாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், நான் அவள் இடுப்பை நீவிக்கொண்டே இருந்தேன்.

பிறகு மழையும் மூச்சும் ஒன்றாகக் கலந்துவிட்ட மாதிரி ஒரு நேரம், அவள் எப்போது கட்டிலில் ஏறினாள், நான் எப்போது கையுறை மாட்டினேன், ஞாபகம் இல்லை... முடி தெரிகிறது, ஈரமாக, கறுப்பாக, வருகிறது, உள்ளே போகிறது, வருகிறது. போதும், முக்காதீங்க, வாயால ஊதுங்க, மெதுவா ஊதுங்க. நெற்றி, மூக்கு, மோவாய், தலை வந்துவிட்டது. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருக்கிறதா என்று விரலால் பார்க்கிறேன், இல்லை. எல்லாம் நின்றது. பாதி இங்கே, பாதி அங்கே, எந்தப் பக்கத்துக்கும் இன்னும் சொந்தமாகாத ஒரு தலை என் கைக்கு முன்னால்... விரல் நுனி நிஜமாகவே அரிக்கிறது. என்னாச்சு, ஏன் நின்னுடுச்சு என்கிறாள் தையல்காரி, ஒண்ணுமில்லம்மா, அடுத்த வலிக்காகத்தான் இருக்கோம், எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று யாரோ நிதானமாகச் சொல்கிறார்கள், என் குரல்தான். ஸ்டூல் நகரும் சத்தம். சிஸ்டர் எழுந்துவிட்டாளா, எழட்டும், கை ஏந்தியபடியே இருக்கட்டும், பஸ் போனால் போகட்டும், எந்த பஸ்... அப்போது அந்தத் தலை, யாரும் தொடாமல், தூக்கத்தில் புரண்டு படுக்கிற பிள்ளை மாதிரி, மெதுவாக, தானாக, அம்மாவின் தொடைப் பக்கமாகத் திரும்பியது. ஐயோ, இதற்குத்தானா அந்த நிறுத்தம், தோளுக்கு வழி பண்ணிக்கொள்ளத்தானா. படித்திருக்கிறேன், படம் வரைந்து மார்க்கூட வாங்கியிருக்கிறேன், ஆனால் பார்த்ததில்லை, என் கை என்னைப் பார்க்கவிட்டதே இல்லை. வலி வந்தது. ஒரு தோள், மறு தோள், அப்புறம் மொத்தமும் வழுக்கிக்கொண்டு, சூடாக, கனமாக, கத்திக்கொண்டு என் கையில். பெண் குழந்தை. தூக்கித் தையல்காரியின் நெஞ்சில் வைத்தேன். கை கழுவுமிடத்தில் சிஸ்டர் இந்த முறை குழாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள், இன்னிக்கு எனக்கு வேலையே வைக்கலக்கா நீங்க, பாஸ் போட்டுடறேன் என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

மகனை அவர் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப் போயிருப்பார், மகள் என் பங்கு. ஈரக்குடையை மடக்கிக் காப்பகத்துக்குள் நுழைகிறேன், கால் தரையில் பாவவில்லை, இவளிடம் சொல்லவேண்டும், அம்மா பாஸ், அம்மா இழுக்கல... பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கிறாள், ஸ்வெட்டர் தலைக்குமேல், இரண்டு கையும் மேலே, முகம் காணோம், கழுத்து ஓட்டையில் உச்சிமுடி மட்டும் கொஞ்சம். அப்ப புடிச்சு அதோடதான் போராடறா, யாரையும் தொடவிடல, நீங்க போட்டுவிட்டுடுங்க, பஸ் வர நேரமாச்சு பாருங்க என்கிறார் அந்த அக்கா. பரவால்லக்கா என்கிறேன். முட்டி போட்டு அவளுக்கு எதிரே உட்காருகிறேன், இது எனக்கு இப்போது தெரிந்த வேலையாயிற்றே, கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கிறது. கை இரண்டும் மடியில். யாரு, என்கிறது ஸ்வெட்டர். அம்மாடா கண்ணு. உள்ளே அசைவு நின்றது. தூக்கியிருந்த கை இரண்டும் விறைத்துக்கொண்டன. பிறகு சின்னக் குரலில், இழுக்காதம்மா.

நான் தொடவே இல்லையே... கை மடியில்தானே இருக்கிறது, அவளுக்குத்தான் தெரியாது, இருட்டுக்குள் இருக்கிறாள். மேஜை விளிம்பில் மோவாயை வைத்துக் கேட்டதைத்தான் ஒப்பிக்கிறாளா, பொம்மை விளையாட்டா இது, சிரிக்கணுமா நான்? இல்லை, காலையில் சொல்லாமல் விழுங்கினதை இப்போது சொல்கிறாளா? இழுக்கல கண்ணு, நீயே வா என்கிறேன். வெளியே பஸ் வந்து நின்று கதவைத் திறந்து மூடிக்கொண்டு போகிறது. அவள் வரவில்லை, ஸ்வெட்டருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே நிற்கிறாள், என் கை வரும், வந்து இழுத்துவிட்டுப் போகட்டும் என்று காத்திருப்பவளைப் போல.